யூடியூப் பார்த்தால் குழந்தை ஓடியாடுமா? நெய்வேலி பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

நெய்வேலி டவுன்ஷிப்பில் நைட் ஷிஃப்ட் முடிந்து அப்பா காலையில் வீடு திரும்புகிறார். "சத்தம் போடாதே, அப்பா தூங்கட்டும்" என்று மூணு வயசுக் குழந்தையின் கையில் போனைக் கொடுத்துவிடுவது ஷிஃப்ட் வேலை வீடுகளில் சகஜம். வெளியே மரநிழல், அகலமான தெரு. குழந்தையோ சோபாவில். அதே போன் குழந்தையை ஓடவைக்க உதவுமா?

எவ்வளவு நேரம் ஓடியாடணும்?

2019-ல் உலக சுகாதார நிறுவனம் 5 வயதுக்குட்பட்டோருக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடல் அசைவு தேவை. அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடுவது, குதிப்பது. மொத்தத்தையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம்.

வீடியோ பார்த்து ஆடுவதும் ஸ்கிரீன் டைமா?

2 முதல் 4 வயது வரை ஸ்கிரீன் முன் உட்காரும் நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவும் வேண்டாம். ஆனால், உடலை அசைத்து ஆடும் ஸ்கிரீன் விளையாட்டுகள் இந்தக் கணக்கில் வராது. குழந்தை ஆடாமல் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தால், அது உட்காரும் நேரம்தான்.

எதைப் பார்க்கலாம்?

கதை சொல்லியபடியே ஆசனம் கற்றுத்தரும் 'காஸ்மிக் கிட்ஸ் யோகா' யூடியூபில் பிரபலம். ஆங்கிலம் புரியாவிட்டால் கதையை நீங்களே தமிழில் சொல்லலாம். மத்திய அரசின் 'ஃபிட் இந்தியா' திட்டத்தில் 5 வயதிலிருந்தே உடற்தகுதிச் சோதனைகள் உள்ளன. அதில் ஒன்று, ஒற்றைக்காலில் நிற்பது. நம்ம பாண்டி ஆட்டமும் அதைத்தானே கேட்கிறது!

எப்படிப் பயன்படுத்துவது?

• வீடியோவை முதலில் நீங்கள் பாருங்கள். ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்.
• முதல் தடவை குழந்தையோடு சேர்ந்து ஆடுங்கள். அடுத்த நாள் போன் இல்லாமல் ஆடுங்கள்.
• வெயில் நேரத்தில் வீட்டுக்குள் தவளை நடை, பாட்டுக்கு ஆட்டம். அப்பா தூங்கும் நேரத்தில் பூனை நடை. வெயில் தாழ்ந்ததும் தெருவில் ஓடிப்பிடிச்சு.
• தூங்கி எழுந்த அப்பாவுக்கும் 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

சமையல் வீடியோ பார்த்தால் மட்டும் வயிறு நிறையாது. அடுப்பைப் பற்ற வைக்கணும். இதுவும் அப்படித்தான். ஐடியாவை எடுத்துக்கொண்டு போனைக் கீழே வைத்தால்தான் குழந்தைக்குப் பலன்.