கூடிச் செய்யுங் கருமமும் கூத்துக் களரியும்

பலர் கூடி ஒரு கருமத்தைச் செய்யுமிடத்துப் பயனும் பெருகும், பூசலும் பெருகும். இன்று பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணாக்கர் குழுவாகச் செய்யவேண்டிய ஒப்படைகள் பலவாகிவிட்டன. ஒருவர் உறக்கமின்றி எழுத, ஏனையோர் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வதும், புள்ளியை யாவரும் சமமாகப் பெறுவதும் ஆசிரியர் பலர் கண்ட காட்சியே. இக்குறைக்கு மருந்து யாது? கண்டி நகருக்கு அணித்தாகிய பேராதனையில் நிகழ்ந்த கலைமுயற்சி ஒன்று இதற்கு விடை தருகின்றது.

மட்டக்களப்புக் கூத்து வட்டக் களரியில் விடியவிடிய ஆடப்படுவது. கற்றோர் பலர் அதனைப் பாமரர் பொழுதுபோக்கெனத் தள்ளியிருந்தனர். 1956 இல் எதிரிவீர சரச்சந்திரா சிங்கள மரபினின்றும் ‘மனமே’ நாடகத்தை ஆக்கியளித்தார். தமிழ்க் கூத்தும் அவ்வாறு உயிர்பெறல் வேண்டுமென முயன்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றை மேடையேற்றினார்.

இம்முயற்சியில் தலைமை ஒருவரிடத்து இருந்தது. அறிவோ பலரிடத்து இருந்தது. ஆடலும் தாளமும் மரபறிந்த அண்ணாவியாரிடம் பெறப்பட்டன. இரவு முழுதும் நீளுங் கூத்தை மேடைக்கும் நேரத்துக்கும் ஏற்பச் சுருக்கும் பொறுப்பைப் பேராசிரியர் ஏற்றார். ‘இராவணேசன்’ நாடகத்தை எழுதியவரும், அதில் இராவணனாக ஆடியவரும் அந்நாளில் மாணவராயிருந்த சி. மௌனகுரு. பட்டம் பெற்றோர் பட்டமில்லா அண்ணாவியாரிடம் பாடங்கேட்க நாணியிருப்பின் இவற்றுள் ஒன்றும் அரங்கு கண்டிராது.

கூத்து மரபிலேயே குழுப்பணிக்கான ஒழுங்கு அமைந்துள்ளது. தொடக்கத்தில் ‘சட்டங்கொடுத்தல்’ நிகழும். இன்னார்க்கு இன்ன பாத்திரம் என ஊரார் முன்னிலையில் வகுத்து, அவரவர்க்குரிய பாட்டுக்கள் கையளிக்கப்படும். பின்னர்ப் பல நாட் பயிற்சி. அதன் பின் ‘சதங்கையணி’. கற்றதை ஊரார் காண ஆடிக்காட்டும் நாள் அது. குறை காணப்படின் அரங்கேற்றத்துக்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். களரியில் ஆடுவோன் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடி அவனுக்கு இளைப்பாற்றுவர். ஆனால் அவனுக்காக வேறொருவர் ஆடுவதில்லை. துணை உண்டு; பதிலாள் இல்லை என்பதே இதன் உட்கிடை.

மாணாக்கர் இவ்வொழுங்கைத் தம் ஒப்படைக்கும் கொள்ளலாம். முதற் கூட்டத்திலேயே யார் எதனை, எந்நாளில் முடிப்பது என எழுதி, ஆசிரியரிடமும் ஒரு படி கொடுத்தல் அவர்தஞ் சட்டங்கொடுத்தலாகும். இறுதி நாளுக்கு ஒரு கிழமை முன்னரேனும் யாவரும் தத்தம் பகுதியை ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டுதல் சதங்கையணியாகும். தளர்ந்தவனுக்குப் பிறர் கைகொடுக்கலாம்; அவன் பங்கை முற்றாகத் தாமே எழுதிவிடலாகாது. அங்ஙனம் எழுதுவோர் நண்பனுக்குப் புள்ளியைத் தருகின்றனர், கல்வியைப் பறிக்கின்றனர்.

ஆசிரியர்க்கும் இதிற் கடனுண்டு. முடிந்த ஏட்டை மட்டும் நோக்காது, ஒவ்வொருவரையும் அழைத்து அவர் பங்கை வினாவியறிதல் வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டு நிற்பவனும் உளன்; இழுப்பவனும் உளன். இருவரையும் வேறு பிரித்தறியாத இடத்தில், நாளடைவில் இழுப்பவனும் கை தளர்வான்.