மையலின் உறை, தடைகாப்பு, ஆட்டிசம்: ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியவை

தாம்பரத்தை அடுத்த ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் அம்மா, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையுடன் தயங்கி நின்றார். உள்ளே இரத்தப் பரிசோதனை அறிக்கை.

"டீச்சர், இவனோட மூளை நரம்பு மேல இருக்கிற உறையை இவன் உடம்பே அரிச்சுடுதாம். அதனாலதான் ஆட்டிசமாம். சில லட்சம் செலவு பண்ணினா சரி பண்ணிடலாம்னு சொல்றாங்க. வளையலை வச்சுத்தான் இந்த டெஸ்ட்டே எடுத்தேன். நீங்க சயின்ஸ் படிச்சவங்க, இது உண்மையா?"

பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்த நியூரான் படம் எனக்கு நினைவுக்கு வந்தது. பதில் வரவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன் அம்மா, அதுவரை பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன். இதே கேள்வி நாளை உங்கள் வகுப்பறை வாசலுக்கும் வரக்கூடும்.

மையலின் என்ன செய்கிறது?

நரம்பு செல்லின் நீண்ட பகுதியான ஆக்சான் வழியாகத்தான் செய்தி பயணிக்கிறது. பல ஆக்சான்களின் மேல் கொழுப்பும் புரதமும் சேர்ந்த உறை ஒன்று சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அதுவே மையலின் உறை. 1854இல் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல்களும், உடலின் மற்ற நரம்புகளில் ஷ்வான் செல்களும் இந்த உறையைத் தயாரிக்கின்றன. உறை தொடர்ச்சியாக இருப்பதில்லை. இடையிடையே ரேன்வீர் கணுக்கள் என்னும் சிறு இடைவெளிகள் உண்டு.

நம் ஊர் ரயிலை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் புறப்படும் மின்சார ரயில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போகும். வெளியூர் விரைவு ரயில்களோ தாம்பரத்தை விட்டால் மாம்பலம் அல்லது எழும்பூரில்தான் நிற்கும். உறையில்லாத ஆக்சானில் மின்தூண்டல் ஒவ்வொரு புள்ளியையும் கடந்தாக வேண்டும். நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர் வரைதான் வேகம். உறையுள்ள ஆக்சானில் அது கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது. தடித்த நரம்பிழைகளில் வேகம் நொடிக்கு 120 மீட்டர் வரை போகும். அதாவது மணிக்கு 430 கிலோமீட்டருக்கும் மேல்.

வேகம் மட்டும் போதாது, நேரமும் ஒத்துவர வேண்டும். ஆசிரியரின் முகம், குரல், கை அசைவு ஆகிய மூன்றும் மூளையின் வெவ்வேறு பகுதிகளுக்குப் போகின்றன. அவை ஒரே நேரத்தில் ஒன்றுசேர்ந்தால்தான் "டீச்சர் என்னைக் கூப்பிடுகிறார்" என்று பிள்ளைக்குப் புரியும். இந்த நேர ஒழுங்கிற்கும் மையலின் துணைசெய்கிறது.

பிறந்த பிறகும் வளரும் உறை

மையலின் உருவாவது கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் இரண்டு வயதுவரை மிக வேகமாக நடக்கிறது. பார்வை, தொடுதல், அசைவு போன்ற அடிப்படைப் பாதைகள் முதலில் உறை பெறுகின்றன. திட்டமிடல், தன்னைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றுக்குரிய முன்நெற்றிப் பகுதி கடைசி. அங்கே இருபது வயதைத் தாண்டியும் இந்தப் பணி தொடர்கிறது. அங்கன்வாடி முதல் மேல்நிலை வரை நம் முன் அமரும் ஒவ்வொரு பிள்ளையின் மூளையிலும் இந்த வேலை இன்னும் முடியவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஆட்டிசத்தில் காணப்படும் மாற்றங்கள்

ஆட்டிசம் என்பது சமூகத் தொடர்பிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் காணப்படும் வேறுபாடு. திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் குறிப்பிட்ட ஆர்வங்களும் அதனுடன் சேர்ந்திருக்கும். இந்தியக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஏறத்தாழ 100 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. நடுத்தரமான ஒரு பள்ளியில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது இருக்கக்கூடும்.

2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ கொண்ட 92 கைக்குழந்தைகளுக்கு 6, 12, 24 மாதங்களில் மூளை ஸ்கேன் எடுத்தார்கள். அவர்களில் 28 பேர் பின்னர் ஆட்டிச வரையறைக்குள் வந்தனர். அந்த 28 பேரின் நரம்பிழைப் பாதைகள் ஆறாம் மாதத்தில் மற்றவர்களைவிட முந்தியிருந்தன. ஆனால் அதன்பின் அவற்றின் வளர்ச்சி மெதுவாகி, இரண்டு வயதில் பின்தங்கின. ஆகவே, வெளியே அறிகுறி தெரியும் முன்பே மூளையின் இணைப்புகள் வேறு பாதையில் வளரத் தொடங்கிவிடுகின்றன.

2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆட்டிசத்துடன் தொடர்புடைய பிட்-ஹாப்கின்ஸ் என்ற அரிய மரபணு நிலையை எலிகளில் ஆராய்ந்தது. மையலின் தயாரிப்புக்கான மரபணுக்களின் செயல்பாட்டில் அங்கே மாற்றம் தெரிந்தது. ஆட்டிசம் கொண்டிருந்து இறந்தவர்களின் மூளைத் திசுக்களிலும் அதையொத்த மாற்றம் காணப்பட்டது.

இவை முக்கியமான தடயங்கள். எனினும் இவை பல குழந்தைகளின் சராசரியிலிருந்து கிடைத்தவை. ஒரு தனிக் குழந்தையின் ஸ்கேனைப் பார்த்து ஆட்டிசம் உண்டு, இல்லை என்று சொல்ல இவற்றால் இயலாது.

"உடம்பே அரிக்கிறது" என்பது எங்கிருந்து வந்தது?

நம் தடைகாப்பு மண்டலம் கிருமிகளைத் தாக்க எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. சில நேரங்களில் அது ஆள் மாறி நம் சொந்த செல்களையே தாக்கும். இதுவே சுயதடைகாப்பு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் தாக்குதலுக்கு உள்ளாவது மையலின்தான். அந்த நோயில் உறை சிதைந்து பார்வை மங்கும், கை கால் தளரும். ஸ்கேனிலும் அந்தச் சிதைவு தெரியும்.

ஆட்டிசத்திலும் இப்படி நடக்குமோ என்ற கேள்வியை 1993இல் வெளியான ஓர் ஆய்வு எழுப்பியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரின் இரத்தத்தில் மையலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதாக அது சொன்னது. அறிவியலில் ஒரு முடிவு நிலைபெற, பிறர் செய்து பார்த்தாலும் அதுவே கிடைக்க வேண்டும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் காணப்படுவது போன்ற உறைச் சிதைவு ஆட்டிசத்தின் அடையாளம் அல்ல. உறை உருவாகும் வேகத்திலும் ஒழுங்கிலும் வேறுபாடு இருக்கலாம். உருவான உறையை உடல் அரிப்பது என்பது முற்றிலும் வேறு செய்தி. அந்த அம்மாவிடம் இரண்டும் ஒன்றாகக் கலந்து சொல்லப்பட்டிருந்தன.

அதற்காகத் தடைகாப்புக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. 2009இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு, தாய்க்கு முடக்குவாதம் போன்ற சுயதடைகாப்பு நோய் இருந்தால் குழந்தைக்கு ஆட்டிச வாய்ப்பு ஓரளவு கூடுதல் என்று காட்டியது. சில தாய்மாரின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றனவா என்று கலிபோர்னியாவில் ஆராய்கிறார்கள். மறுபுறம், ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிச வாய்ப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுக் கூறுகளைச் சார்ந்தது என்று கணித்தது.

இதையெல்லாம் தாயிடம் சொல்லும்போது நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "உன்னால்தான்" என்ற பழியை அவர் ஏற்கெனவே வீட்டில் கேட்டிருப்பார். தாய் பாசம் காட்டாததே காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே சொன்னது. அது தவறு என்று நிறுவப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியவை

ஆட்டிசத்தை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. குழந்தையின் நடத்தையை நேரில் கவனித்து, பெற்றோரிடம் பேசி, பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோதான் கண்டறிகிறார். இந்தியாவில் இதற்கென 40 கூறுகள் கொண்ட மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று பயன்பாட்டில் இருக்கிறது.

ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் தெளிவுபடுத்தியது. லட்சங்களில் விலை பேசும் எவரிடமும் இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்கலாம்.

தடுப்பூசி காரணமல்ல. அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளிடம் நடத்திய ஆய்விலும் எந்தத் தொடர்பும் காணப்படவில்லை.

தாமதிக்கக் கூடாத ஒரு நிலை

எல்லா மாற்றங்களையும் ஆட்டிசம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. நன்றாகப் பேசி, படித்து, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சில நாள்களிலோ வாரங்களிலோ பேச்சை இழந்தால், தூக்கம் கெட்டு நடத்தை திடீரென மாறினால், வலிப்போ முகத்திலும் கைகளிலும் விநோத அசைவுகளோ வந்தால், அது மூளையைத் தாக்கும் சுயதடைகாப்பு அழற்சியாக இருக்கலாம். 2007இல் இத்தகைய ஒரு நோய் துல்லியமாக அடையாளம் காணப்பட்டது. உரிய நேரத்தில் சிகிச்சை தந்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள்.

ஆட்டிசத்தில் சொற்களை இழப்பது பெரும்பாலும் இரண்டு வயதையொட்டி நிகழும். மூன்றாம் வகுப்பில் திடீரென நிகழ்ந்தால் காரணம் வேறு. "பேய் பிடித்திருக்கிறது", "அடம் பிடிக்கிறான்" என்று நாள் கடத்தாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இரண்டுமே நம் பகுதியிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில்தான் உள்ளன. தினமும் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியருக்கு மாற்றம் முதலில் தெரியும்.

வகுப்பறையும் மையலினும்

2009இல் அமெரிக்காவில் வாசிப்பில் பின்தங்கிய 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குச் சுமார் 100 மணி நேரம் தீவிர வாசிப்புப் பயிற்சி தந்தார்கள். வாசிப்பு முன்னேறியதோடு, மூளையின் வெண்பொருள் இணைப்புகளும் மேம்பட்டிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மையலின் கூடியதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கிடையாது. ஆனால் கற்பித்தல் மூளையின் இணைப்புகளைத் தொடுகிறது என்பதற்கு அது நல்ல சான்று.

2012இல் நடந்த ஓர் ஆய்வில் பால் மறந்த எலிக்குட்டிகளை இரண்டு வாரம் தனியே அடைத்தார்கள். அவற்றின் முன்மூளையில் மையலின் மெலிந்துபோனது. பிறகு கூட்டத்தில் சேர்த்தும் அது சீராகவில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் "இவன் ஓரமாக உட்காரட்டும்" என்று சொல்லுமுன் அதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

நாம் செய்யக்கூடியவை சில:

காத்திருங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூளை ஒலிக்குத் தரும் எதிர்வினை நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதமாவதை 2010ஆம் ஆண்டு ஆய்வொன்று அளந்தது. அளவில் சிறியதானாலும், சொல்லுக்குச் சொல் இது நேரும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை சொல்லுங்கள். பத்து நொடி பொறுங்கள். அதற்குள் வேறு சொற்களில் மாற்றிச் சொன்னால் பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கண்ணுக்குக் காட்டுங்கள். அன்றைய கால அட்டவணையைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுங்கள். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓசையைக் கவனியுங்கள். பம்மல், பொழிச்சலூர் பக்கம் விமானம் தாழப் பறக்கும்போதும், ஜி.எஸ்.டி. சாலை ஓரப் பள்ளிகளில் லாரி ஹாரன் ஒலிக்கும்போதும் காதைப் பொத்தும் பிள்ளை ஒழுங்கீனம் செய்யவில்லை. அமைதியான மூலை ஒன்றை ஒதுக்கிக் கொடுங்கள்.

துணை சேருங்கள். வாரம் ஒரு தோழன் பக்கத்தில் அமரட்டும். பந்து எடுத்துத் தருவது, நோட்டு விநியோகிப்பது என்று அந்தப் பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு இருக்கட்டும்.

எங்கே கேட்பது?

முதலில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனத்தில் மதிப்பீடும் பயிற்சிகளும் கிடைக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழும் அடையாள அட்டையும் பெற்றுவிட்டால், பின்னாளில் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அவை உதவும்.

அந்த அம்மாவை மீண்டும் சந்தித்தபோது, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னேன். நீண்ட நேரம் அறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இவனுக்கு வைத்தியமே இல்லையா டீச்சர்?" என்று கேட்டார். "இவனுக்குத் தேவை பயிற்சியும் நேரமும். அதை நீங்களும் நானும் சேர்ந்து கொடுக்கலாம்" என்றேன். சிகிச்சைக்குப் பணம் கட்டவில்லை. வளையலை மீட்க இன்னும் மூன்று தவணை இருக்கிறது என்று அண்மையில் சொன்னார். பையன் இப்போது தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறையிலிருந்து எடுத்து வருகிறான். என் மேசையில் வைத்துவிட்டு, நான் நன்றி சொல்லும்வரை நகராமல் நிற்பான். பத்து நொடி கழித்து அவனும் ஏதோ சொல்வான்.