நியூட்ரல் கம்பி அறுந்தால்

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் காற்றோடு மழை பிடித்தால் மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழுவது வழக்கம். அப்படியான இரவில் ஒரு தோட்ட லயத்தில் லைட் மங்கிப்போகும். பக்கத்து லயத்திலோ பல்ப் கண் கூச எரியும்; கொஞ்ச நேரத்தில் டிவி புகையும். சீட்டுப் பிடித்து வாங்கிய டிவி அது. "மழைக் காலம், என்ன செய்வது" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. நடந்தது என்னவென்று தெரிந்தால்தான் நியாயம் கேட்க முடியும்.

சாதாரண தரம் படிக்கிற பிள்ளைக்குத் தொடர், சமாந்தரச் சுற்றுகள் தெரியும். தொடர் சுற்றில் ஒரே பாதைதான். எல்லாப் பொருளுக்குள்ளும் ஒரே அளவு கரண்ட் ஓடும், வோல்ட் பங்கு பிரியும். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பழைய பல்ப் மாலையில் ஒன்று பியூஸ் போனால் வரிசையே அணைவது அதனால்தான். சமாந்தரச் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை. எல்லாவற்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும். நம் வீடுகள் எல்லாம் சமாந்தரமாகவே இணைக்கப்பட்டவை.

மூன்று பேஸ் லைனில் பொதுவான நியூட்ரல் கம்பி அறுந்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. வேறு வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் தொடராகிவிடும். இரண்டுக்கும் சேர்த்து 400 வோல்ட். ஒரு வீட்டில் 1000 வாட் அயன், மற்றதில் 100 வாட் டிவி என்று வையுங்கள். தடை கூடிய டிவியின் மேல் 360 வோல்ட்டுக்கு மேல் விழும். அயனுக்கு நாற்பதுகூட மிஞ்சாது. ட்ரிப் சுவிட்ச் இதைத் தடுக்காது, ஏனென்றால் கரண்ட் வெளியே கசியவில்லை. லைட் திடீரென மங்கினாலோ கூடினாலோ உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள்.

சமாந்தரத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஒவ்வொரு பாதையின் கரண்டும் மெயின் வயரில் வந்து கூடும். 2000 வாட் கேத்தல் கிட்டத்தட்ட 9 அம்பியர், அயன் 4, ரைஸ் குக்கர் 3. ஒரே மல்டி பிளக்கில் மூன்றையும் போட்டால் 13 அம்பியர் தாண்டிவிடும். கரண்ட் இரு மடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்கு. முறுக்கி டேப் சுற்றிய ஒட்டில் அரை ஓம் தடை இருந்தால் போதும்: 13 அம்பியரில் அந்த ஒட்டு மட்டும் 80 வாட்டுக்கு மேல் சூடாகும். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல். லயத்துக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் ஒரு வீட்டில் பிடிக்கும் தீ வரிசை முழுவதற்கும் பரவுகிறது.

ஆகவே பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்ற வேண்டாம். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்க வேண்டாம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் எர்த் கம்பியும் கட்டாயம். எர்த் என்பது உடம்புக்குச் சமாந்தரமான, தடை குறைந்த பாதை. கசியும் கரண்டைத் தன் வழியே இழுத்து ட்ரிப்பை விழவைக்கும். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். பன்றிக்குப் பொறியாக வீட்டுக் கரண்டில் கம்பி கட்டுவது ஆளைக் கொல்லும் வேலை, சட்டப்படி குற்றமும்கூட.

லயத்தின் சுவரும் கூரையும் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. ஆனால் வயர் பழுது என்றால் அந்தப் பாரத்தை அவர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். இது அநியாயம். பழைய வயரிங்கை மாற்றித் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், தொழிற்சங்கத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அறுந்த கம்பி, சாய்ந்த தூண் என்றால் கிட்டப் போகாமல் மின் விநியோக நிறுவனத்தின் 1987க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருள் எரிந்திருந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் பிரதேச அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் போகலாம், தமிழிலேயே எழுதலாம். திகதி, நேரம், மின் கட்டணப் பட்டியலில் உள்ள கணக்கு இலக்கம், அன்று பாதிக்கப்பட்ட மற்ற வீடுகளின் விவரம், எரிந்த பொருளின் படம், பற்றுச்சீட்டு எல்லாம் இணையுங்கள். பல வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால், பழுது உங்கள் வீட்டுக்குள் இல்லை, வெளியே லைனில்தான் என்பதற்கு அதுவே சாட்சி.