‘இவரைக் கண்டுபிடி’ என்று ஒரு துப்பு வந்தால்

பிரான்சின் அல்சேஸ் பகுதியில் கேசர்ஸ்பெர்க் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு ஜப்பானியர் நிற்கும் புகைப்படம். கூடவே ஜப்பானிய எழுத்தில் ‘என்னைக் கண்டுபிடி’ என்று ஒரு வரி. லண்டனைச் சேர்ந்த மைண்ட் கேண்டி நிறுவனம் 2005-ல் தொடங்கிய ‘பெர்ப்ளெக்ஸ் சிட்டி’ என்ற புதிர் விளையாட்டின் அட்டை ஒன்றில் இருந்தது அவ்வளவுதான். அவர் பெயர் சடோஷி என்பது மட்டும் கூடுதல் துப்பாகக் கிடைத்தது. பல நாட்டு ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் தேடியும் ஆள் அகப்படவில்லை. 2020 டிசம்பரில் ஜெர்மனியைச் சேர்ந்த ஒருவர், முகத்தை வைத்தே படங்களைத் தேடித் தரும் மென்பொருளில் அந்தப் படத்தைப் போட்டார். சடோஷி கிடைத்துவிட்டார்.

சடோஷி அந்த விளையாட்டுக்குச் சம்மதித்துத்தான் படம் கொடுத்திருந்தார். கதை நல்லபடியாக முடிந்ததற்கு அதுவே காரணம். மதுரை – திண்டுக்கல் சாலையில், சமயநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒரு மாணவியை யாரோ படமெடுத்து, டெலிகிராம் குழுவில் ‘இவரைக் கண்டுபிடித்தால் அடுத்த துப்பு’ என்று போட்டால் என்ன ஆகும்? தேடும் கருவி அதேதான். இப்போது அது எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் சம்மதம் மட்டும் இல்லை. குழுவில் இருக்கும் நூறு பேரும் தாங்கள் விளையாடுவதாகவே நினைப்பார்கள். சட்டம் அப்படி நினைக்காது.

இணையத்தில் சிதறிக் கிடக்கும் துப்புகளைப் பலர் சேர்ந்து துலக்கி ஒரு கதையை முன்னகர்த்தும் இந்த வகையை ‘மாற்று மெய்மை விளையாட்டு’ என்கிறார்கள். 2001-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ திரைப்பட விளம்பரத்துக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ‘தி பீஸ்ட்’ இதற்கு முன்னோடி. போலி இணையதளங்கள், மின்னஞ்சல்கள், உண்மையாகவே மணி அடிக்கும் தொலைபேசி அழைப்புகள் என்று அது விரிந்தது. ‘கிளவுட்மேக்கர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றுசேர்ந்து அதை அவிழ்த்தார்கள். ஒருவருக்கு இசைக் குறியீடு தெரியும், இன்னொருவருக்கு நிரல் எழுதத் தெரியும், மூன்றாமவர் பழைய மொழிகளைப் படித்தவர். தனியாக யாராலும் முடியாததைக் கூட்டாகச் செய்யும் அந்த மகிழ்ச்சி அசலானது. இந்தூர் ஐ.ஐ.எம். மாணவர்கள் நடத்திவந்த ‘குளூலெஸ்’ போன்ற இணையப் புதையல் வேட்டைகளில் இரவெல்லாம் கண்விழித்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். பிள்ளைகள் இதை ஆடவே கூடாது என்று சொல்வது தேவையற்றது, பயனும் தராது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ‘இது விளையாட்டு அல்ல’ என்று பாவனை செய்வதே இந்த வகை விளையாட்டின் அடிப்படை விதி. மின்னஞ்சல் அனுப்புபவர் கதாபாத்திரமா நிஜ ஆளா, இணையதளம் கதையைச் சேர்ந்ததா அடுத்தவருடையதா என்று தெரியாமல் இருப்பதில்தான் சுவையே. 2004-ல் ‘ஹேலோ 2’ விளையாட்டுக்கான விளம்பரமாக நடந்த ‘ஐ லவ் பீஸ்’ ஆட்டத்தில், குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட பொதுத் தொலைபேசி ஒலிக்கும். ஓடிப்போய் எடுக்க வேண்டும். ஃப்ளோரிடாவை ஒரு சூறாவளி நெருங்கிக்கொண்டிருந்தபோதும் ஒருவர் அந்தத் தொலைபேசிக் கூண்டை விட்டு நகர மறுத்தார் என்பது ஆட்டக்காரர்களிடையே இன்றும் பெருமையாகப் பேசப்படுகிறது. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. இருப்பிடக் குறியீடு ஒன்று சமயநல்லூர் ரயில் பாதையையோ யாருக்கோ சொந்தமான கிணற்றையோ காட்டினால், அங்கே இறங்குகிறவரைக் காக்க எந்தக் கதையும் வராது. அனுமதியின்றி ரயில் பாதைக்குள் நுழைவது ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். அடுத்தவர் நிலத்தில் நுழைந்தால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் அத்துமீறல் பிரிவு பாயக்கூடும்.

மதுரைக்கு இணைய விளையாட்டு பற்றிய அச்சம் புதிதல்ல. 2017 ஆகஸ்ட் கடைசியில் மதுரை வட்டாரத்தில் ஒரு கல்லூரி மாணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ‘நீலத் திமிங்கலம்’ என்ற இணையச் சவால்தான் காரணம் என்று செய்திகள் பரவின. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் கே.கே.சசிதரன், ஜி.ஆர்.சுவாமிநாதன் அமர்வு செப்டம்பர் 4-ஆம் தேதி தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, ஆகஸ்ட் 11 அன்று, அந்தச் சவாலுக்கான லிங்க்குகளை நீக்குமாறு கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் முதலிய நிறுவனங்களுக்கு மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் உத்தரவிட்டிருந்தது. பள்ளிகள் சுற்றறிக்கை விட்டன. பெற்றோர் செல்போன்களைப் பறித்தார்கள்.

பிறகு நடந்தது அவ்வளவாக யார் காதுக்கும் எட்டவில்லை. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் தலைமை இயக்குநர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, நாடு முழுவதும் அந்தச் சவாலோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்களை ஆராய்ந்தது. சாதனங்களையும் அழைப்புப் பதிவுகளையும் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்த்த பின், எந்தச் சம்பவத்திலும் அந்தச் சவாலின் பங்கை நிறுவ முடியவில்லை என்று 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அதற்காக, பயந்தது எல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. ரஷ்யாவில் இணையக் குழுக்கள் வழியே பதின்வயதினரைத் தூண்டிய ஒருவர் 2017 ஜூலையில் சிறைத் தண்டனை பெற்றது உண்மை. நாம் தேடியது ஒரு செயலியின் பெயரை. கவனித்திருக்க வேண்டியது ஒரு நடத்தையை. முகம் தெரியாத ஒருவர் வரிசையாக வேலை கொடுக்கிறார், வீட்டில் சொல்லாதே என்கிறார், செய்ததற்குப் படம் கேட்கிறார், நிறுத்தினால் மிரட்டுகிறார். பெயர் திமிங்கலமாக இருந்தாலும் ‘சீக்ரெட் மிஷன்’ ஆக இருந்தாலும் இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அது விளையாட்டு இல்லை. பிள்ளையின் மனவாட்டத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ‘டெலி-மானஸ்’ 14416, தமிழக அரசின் 104, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களில் அதற்கு உதவி கிடைக்கும்.

கூட்டாகத் துப்புத் துலக்குவதில் இன்னொரு சரிவு உண்டு. கதைப் புதிரை அவிழ்த்துப் பழகியவர்களுக்கு உண்மைச் சம்பவமும் புதிராகத் தெரியத் தொடங்கும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ‘இதையும் நாம் தீர்ப்போம்’ என்று கிளவுட்மேக்கர்ஸ் குழுவில் சிலர் கிளம்பினார்கள். குழுவை நடத்தியவர்கள் உடனே தடுத்தார்கள். அந்தப் பொறுப்பு எல்லாக் குழுவிலும் இருப்பதில்லை. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போது, ரெடிட்டில் கூடியவர்கள் படங்களை ஒப்பிட்டுக் குற்றவாளி என்று முடிவுகட்டியது இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரை. அவர் அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்தவர். மகனைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்தின் மீது வசை மழை பொழிந்தது. சில நாட்களில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரெடிட் மன்னிப்புக் கேட்டது.

அமெரிக்காவரை போவானேன்? 2018 மே 9 அன்று, குலதெய்வக் கோயிலுக்காகக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் வழிகேட்க நின்றது. அதில் இருந்த 65 வயதுப் பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த ‘துப்புகள்’ போதுமாக இருந்தன. கூட்டம் அடித்ததில் அவர் உயிர் போனது. துப்பு ஒரு சொல்லிலோ எண்ணிலோ இருக்கும்வரை கூட்டறிவு அழகானது. ஒரு மனிதரின் முகத்தை நோக்கித் திரும்பிய கணமே அதை நிறுத்தியாக வேண்டும். தெரியாத ஊரில் கேமராவும் குறியீட்டுச் சீட்டுமாக அலையும் ஆட்டக்காரரே சந்தேகத்துக்கு ஆளாகக்கூடும் என்பதற்கும் அத்திமூர் ஓர் எச்சரிக்கை.

சட்டம் சொல்வது என்ன? அடுத்தவரின் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே போவது, துப்புக்காகத்தான் என்றாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவில் விழும். அதை மோசடியாகவோ நேர்மையற்ற நோக்கத்தோடோ செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அடுத்தவர் பாஸ்வேர்டையோ மின்னணுக் கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி, அந்தரங்கப் படங்களை அனுமதியின்றி எடுத்தாலோ பகிர்ந்தாலோ 66இ. விருப்பமில்லை என்று தெரிவித்த பிறகும் ஒரு பெண்ணைத் தொடர்வதும், அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டுவதற்கு 108. தூண்டப்பட்டது குழந்தை என்றால் 107, அதன் உச்சத் தண்டனை மரணம். இவற்றில் எந்தப் பிரிவிலும் ‘விளையாட்டுக்காக’ என்று விலக்கு எழுதப்படவில்லை.

ஆட்டக்காரரின் பக்கத்திலும் உரிமைகள் இருக்கின்றன. முதல் உரிமை, எந்த நிமிடமும் விலகுவது. ‘விதிகளை ஏற்றாய், இனி போக முடியாது’ என்ற மிரட்டலுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அது நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு சொல்லும் குற்ற மிரட்டலாகலாம். இரண்டாவது, தன்னைப் பற்றிய தகவல்மீதான உரிமை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 18 வயது நிறையாதவரின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்றும், பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடரக் கூடாது என்றும் 9-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பொறுப்புள்ள விளையாட்டு யார் நடத்துகிறார்கள் என்று எங்காவது சொல்லும், கொடுத்த தகவலை அழிக்க வழி வைக்கும். 2012 ஜனவரியில் தோன்றிய ‘சிகாடா 3301’ புதிரை நடத்தியவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் போலிகள் புகுந்துவிடாதபடி, பிற்காலச் செய்திகளைச் சரிபார்க்க மின்னணுக் கையொப்பம் ஒன்றையாவது வைத்திருந்தார்கள். நம்மூர் டெலிகிராம் குழுக்களில் நேற்று வந்த அட்மினிடம் அதுகூட இருப்பதில்லை.

பணம் என்ற சொல் வந்தவுடன் இன்னும் விழிப்பு வேண்டும். நுழைவுக் கட்டணம் கட்டு, துப்பைத் தீர்த்தால் ரொக்கப் பரிசு என்று நடத்தினால், 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்தின் தடைக்குள் அது விழக்கூடும். அறிவாற்றலா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதம் அங்கே எடுபடாது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. கல்லூரி விழாவுக்காக இப்படி ஒன்றைத் திட்டமிடும் மாணவர்கள் கட்டணத்தையாவது பரிசுப் பணத்தையாவது கைவிடுவது நல்லது.

இதைவிடப் பரவலாக நடப்பது ‘டாஸ்க்’ மோசடி. எளிய வேலை ஒன்றை முடித்தால் நூறோ இருநூறோ வரும். அடுத்த கட்டத்துக்குக் கொஞ்சம் பணம் கட்டச் சொல்வார்கள். பிறகு கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிக் கட்டம் என்று ஒன்று வரவே வராது. சிலரிடம் ‘உன் கணக்குக்கு வரும் பணத்தை இன்னொரு கணக்குக்கு அனுப்பு, அதுதான் டாஸ்க்’ என்பார்கள். அந்தப் பணம் வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாக இருக்கும். வங்கிக் கணக்கு முடக்கப்படும்; ஏமாந்த பிள்ளையின் வீட்டுக்கே வெளி மாநிலக் காவல்துறையின் நோட்டீஸ் வரும்.

பணம் போனது தெரிந்தவுடன், யாரையும் திட்டுவதற்கு முன், இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழைக்க வேண்டும். புகார் எவ்வளவு விரைவாகப் பதிவாகிறதோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கு அல்லது யுபிஐ முகவரி, நேரம் ஆகியவை கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதிவுசெய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் தர அங்கே வசதி உண்டு. மிரட்டலுக்குப் பயந்து தன் படத்தையே அனுப்பிவிட்ட 18 வயதுக்குட்பட்டவர் பாதிக்கப்பட்டவர். அவரைக் கூண்டில் நிறுத்தி விசாரிப்பதுபோல் பெற்றோர் கேள்வி கேட்டால் அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார். அத்தகைய படங்கள் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது; படத்தை யாருக்கும் அனுப்பாமலே, அதன் மின்னணு அடையாளத்தை மட்டும் கொண்டு அது வேலை செய்கிறது. சமூக ஊடக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

உரையாடலை அழித்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் காரியம். அழிக்கக் கூடாது. குழுவின் பெயர், லிங்க், அட்மினின் பயனர் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். அசல் செல்போனையும் பத்திரப்படுத்த வேண்டும். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றை ஏற்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது.

சமயநல்லூரில் வசிப்பவர் சமயநல்லூர் காவல் நிலையத்திலோ மதுரை மாவட்டக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவிலோ புகார் கொடுக்கலாம். ‘குற்றம் செய்தவன் எந்த ஊரோ, இங்கே ஏன் வந்தீர்கள்’ என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்த நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-ஐ அழைக்கலாம். அதே 173-ஆம் பிரிவின்படி, மின்னணு வழியில் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தவர் மூன்று நாட்களுக்குள் காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகே அது பதிவேட்டில் ஏறும்.