எந்த கவுண்ட்டர்ல நிக்கலாம், அண்ணாச்சி?

காரியாபட்டிக்காரர்கள் சென்னை ரயிலில் இடம் பிடிக்க மதுரைக்கு பஸ் ஏறிய காலம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வராத காலம். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு லெட்ஜர். அது எந்தக் கவுண்ட்டரில் இருக்கிறதோ அங்கேதான் டிக்கெட். உங்க ரயிலுக்கு அனுமார் வால் மாதிரி கியூ நிற்கும். பக்கத்துக் கவுண்ட்டரில் குமாஸ்தா ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். ‘நீங்களாவது போட்டுத் தாங்களேன் சார்’ என்று கேட்டால், ‘அந்த லெட்ஜர் என்கிட்ட இல்லையே!’ என்பார். அவர் சொல்வதும் நிஜம்தான்.

1986-ல் டெல்லியில் ரிசர்வேஷன் கம்ப்யூட்டருக்கு மாறியது. டிக்கெட் பளிச்சென்று அச்சாகி வந்ததுதான் கண்ணில் பட்டது. என்னைக் கேட்டால் பெரிய காரியம் வேறு: எந்தக் கவுண்ட்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட்! ஒரு குமாஸ்தாவைக்கூடப் புதிதாகப் போடாமல் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க இது ஒன்றே போதும்.

இன்றைக்கு இன்டர்நெட் சர்வர்களுக்கும் இதே தலைவலி. வருகிற வேலையை எந்த சர்வருக்குத் தள்ளுவது? ஆயிரம் சர்வரின் கியூவையும் எண்ணிப் பார்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டைத் தொட்டு, அதில் கூட்டம் குறைந்ததுக்கு அனுப்பினாலே போதும் என்று 1990-களில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றை மட்டும் தொடுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவதையும் தொட்டால் கிடைக்கிற கூடுதல் லாபம் சொற்பம்தான்!

சரி, ஒரே கியூவில் யாரை முதலில் கவனிப்பது? முன்னால் பட்டாசுக் கடை அண்ணாச்சி. கையில் ஐந்தாறு பாரம், 10 நிமிஷ வேலை. பின்னால் அப்பத்தா, 1 நிமிஷ வேலை. வரிசைப்படி போனால் அண்ணாச்சிக்கு 10, அப்பத்தாவுக்கு 11. சராசரி பத்தரை நிமிஷம். அப்பத்தாவை முன்னே விட்டால் 1, 11, சராசரி 6. அண்ணாச்சிக்கு நஷ்டம் ஒரே நிமிஷம்!

ஆனால் அப்பத்தாக்கள் வந்துகொண்டே இருந்தால்? தீபாவளி முடிந்தும் அண்ணாச்சி அங்கேயே நிற்பார். சராசரி அழகாக இருக்கும். அண்ணாச்சி முகம்தான் அழகாக இருக்காது. அதனால்தான், காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமை கூடுகிற மாதிரியும் கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்வதுண்டு.

ரயில்வேயும் 2015-ல் தட்கலை இரண்டாக உடைத்தது. ஏ.சி.க்கு காலை 10 மணி, மற்றதுக்கு 11. ஒரே நொடியில் ஊரே வந்து மோதாது பாருங்கள். டிக்கெட் ஏஜென்ட்டுகளுக்கு முதல் அரைமணி நேரம் தடை. இது சராசரியைக் குறைக்கச் செய்ததல்ல. காரியாபட்டியில் ஒற்றை டிக்கெட்டுக்காக செல்போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்காக. கிடைத்ததா என்று மட்டும் இப்போது அவரிடம் கேட்டுவிடாதீர்கள்... வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது!