பின் நம்பர் கேட்டால் பணம் போகிறது

அகல் விளக்கும் பொம்மையும் பீங்கான் ஃபியூஸ் கேரியரும் செய்யும் விருத்தாசலம் போன்ற ஊரில், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பதும் யுபிஐயில் பணம் வாங்குவதும் தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டன. கார்த்திகை தீபம் நெருங்கும்போது வெளியூர் வியாபாரி என்று ஒருவர் பேசுகிறார், ஐயாயிரம் விளக்கு கேட்கிறார், பேரம்கூடப் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒரு படம் வருகிறது. ஸ்கேன் செய்ததும் திரையில் தொகை தெரிகிறது, அடுத்து பின் நம்பர் கேட்கிறது. அதை அழுத்தினால் பணம் வராது, நம் கணக்கிலிருந்து போய்விடும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ராணுவத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லி நம்பவைத்து, நாடெங்கும் சிறு வியாபாரிகளிடம் இப்படித்தான் பறித்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் புரியவைக்கக்கூடிய இந்த விஷயத்தைப் பட்டறைக்காரரின் மகளோ மகனோ பள்ளியில் எப்போது படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் கணினி நன்னெறிக்கும் இணையப் பாதுகாப்புக்கும் தனிப் பாடமே இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவை எடுத்தவர்கள்தான் அதைப் படிப்பார்கள். எல்லோரும் படிக்கும் பத்தாம் வகுப்பு அறிவியலில் கணினிக்கு இருப்பது கடைசிப் பாடமான 'காட்சித் தொடர்பு'. அதன் மையம் ஸ்கிராட்ச் என்ற நிரலாக்க மென்பொருள். பத்தாவது முடித்து ஐடிஐ, பாலிடெக்னிக், செராமிக் டிப்ளமோ என்று போகிறவர்களும், படிப்பை நிறுத்திச் சூளை வேலைக்குப் போகிறவர்களும் பாதுகாப்புப் பாடத்தைக் காணாமலே வங்கிக் கணக்கும் யுபிஐயும் தொடங்குகிறார்கள். அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கே அந்தப் பாடம் கிடைக்கவில்லை. எட்டு முதல் பத்து வரை, எல்லோருக்கும், செய்முறையாக அது வர வேண்டும்.

"பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிகம் தெரியும்" என்பார்கள். விரல் வேகமாக ஓடுவது வேறு, வேலை தெரிவது வேறு. ஒரு சூளையில் ஏற்றிய உருப்படி எத்தனை, உடைந்தது எத்தனை, தேறியது எத்தனை என்று எக்ஸெலில் மூன்று பத்தி போட்டுக் கூட்டச் சொல்லுங்கள். ரீல்ஸில் பறக்கும் விரல் அங்கே தயங்கும். போனையே கொடுக்காமல் இருந்தால் போதாதா என்பது இன்னொரு வாதம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால் அந்தத் தடையில் வாட்ஸ்அப் இல்லை. தடை முடியும் வயதில் தானாக விவரம் வந்துவிடுவதும் இல்லை. ஆசிரியரும் வசதியும் எங்கே என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். 2001இல் ஐடி@ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கிய அந்த மாநிலம், பத்தாம் வகுப்பில் தகவல் தொழில்நுட்பத்துக்குத் தனித் தேர்வே நடத்துகிறது. நம் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் ஹைடெக் லேப் தந்திருக்கிறார்கள். வாரம் ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும்.

அந்தப் பீரியடில் சட்டமும் சேர வேண்டும். பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்து, வங்கிக்கும் சொல்ல வேண்டும். கணக்குவிட்டுக் கணக்கு மாறுவதற்குள் தொகையை முடக்க வாய்ப்பு இருக்கும். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி. பின் நம்பரை நீங்களே கொடுத்திருந்தாலும், புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடுவதுதான் பெரிய இழப்பு. இன்னொரு எச்சரிக்கையும் அங்கே வேண்டும்: கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் கார்டையும் பாஸ்புக்கையும் அடுத்தவருக்கு 'வாடகைக்கு' விடும் இளைஞர்கள், மோசடிப் பணம் அதில் வந்து விழும்போது வழக்கில் சிக்குகிறார்கள்.

ஆபத்து பணத்தோடு நிற்பதில்லை. அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டப்படும் பிள்ளை பெரும்பாலும் வீட்டுக்குப் பயந்தே பேசாமல் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோ பதிவு செய்யலாம். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பெயரையும் படத்தையும் ஊடகம் வெளியிடக் கூடாது. இதைப் பெற்றோர் அறிந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் வாய் திறக்கும். மிரட்டல் செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். "வேறு ஸ்டேஷன் எல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எங்கே நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு.

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அடுத்த கூட்டத்தில் எழுந்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் எந்த நாள் ஹைடெக் லேபுக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள்.