உடல் எடையைக் குறைக்கும் மூலிகைத் தூண்டிகள்: அறிந்துகொள்ள வேண்டியவை

‘மூலிகைதானே, தீங்கு செய்யாது’ என்ற நம்பிக்கையில் பலர் எடைக்குறைப்பு மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமலே உட்கொள்கின்றனர். இவற்றுள் சிலவற்றில் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் தூண்டும் வேதிப்பொருள்கள் உள்ளன. தாவரத்திலிருந்து கிடைப்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது.

எபெட்ரா தரும் பாடம்

சீன மருத்துவத்தில் ‘மா ஹுவாங்’ எனப்படும் எபெட்ரா செடியில் எபெட்ரின் உள்ளது. இது உடலில் அட்ரினலின் போன்று செயல்பட்டுப் பசியைக் குறைக்கும். அதே வேளையில் இரத்த நாளங்களைச் சுருக்கி, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். 2003இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, இதனால் கூடுதலாகக் குறைந்த எடை மாதத்திற்கு ஏறத்தாழ 0.9 கிலோகிராம் மட்டுமே. மாறாக, படபடப்பு, வாந்தி, மனக்குழப்பம் போன்றவை ஏற்படும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்று மடங்கு வரை அதிகரித்தது. மாரடைப்பு, பக்கவாதம், உயிரிழப்பு ஆகியனவும் பதிவானதையடுத்து, 2004இல் அமெரிக்கா எபெட்ரின் கலந்த உணவுத் துணைப்பொருள்களுக்குத் தடை விதித்தது.

இன்று விற்கப்படுபவை

எபெட்ராவுக்கு மாற்றாகக் கசப்பு ஆரஞ்சுச் சாறு பல தயாரிப்புகளில் இடம்பெறுகிறது. இதிலுள்ள சினெஃப்ரின், அமைப்பில் எபெட்ரினை ஒத்தது. குவாரனா விதையிலும் பச்சைத் தேயிலைச் சாற்றிலும் காஃபின் உள்ளது. நலமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையிலான காஃபின் பொதுவாகத் தீங்கற்றது. ஆயினும் மாத்திரையுடன் காபி, தேநீர் ஆகியனவும் சேரும்போது அந்த அளவு எளிதில் மீறப்படும்.

‘முழுவதும் மூலிகை’ என்று விற்கப்பட்ட சில தயாரிப்புகளில், சிபுட்ரமின் என்னும் மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததும் கண்டறியப்பட்டுள்ளது. இதய பாதிப்பு அபாயம் காரணமாக 2010இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட இம்மருந்து, 2011இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது.

யார் தவிர்க்க வேண்டும்?

• உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள்
• தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்கள்
• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்
• மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர்கள்

அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள், உட்கொள்ளும் மூலிகைப் பொருள்கள் அனைத்தையும் மயக்கவியல் மருத்துவரிடம் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், கடும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், உடலின் ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், நோயாளியை உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரைப் புட்டியையும் உடன் கொண்டு செல்லுங்கள். அதன் சிட்டை மருத்துவருக்கு உதவும். வீட்டில் எவரேனும் இவற்றை மறைவாக உட்கொள்வதாக அறிந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அச்சமின்றி உண்மையைக் கூறும் சூழலே அவரைக் காக்கும்.

எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் மேம்படத் தொடங்கும். 80 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 4 கிலோகிராம் மட்டுமே. உணவு முறையாலும் உடற்பயிற்சியாலும் இந்த இலக்கைப் படிப்படியாக எட்ட இயலும். எந்த மாத்திரையையும் தொடங்குமுன் உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள்.